வாழைத்தோட்டத்துப் பிள்ளை

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

உணவு, உடை, உறையுள் என மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்வது நம் வழக்கம். அம்மூன்றில் நடுவில் நிற்கும் உடையை உலகுக்கே தைத்தனுப்பும் வட்டாரம் நம்முடையது. ஆனால் அவ்வுடையைத் தைப்பவர் உறையும் இடத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு. திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அருள்புரத்தில் இறங்கிச் சந்துகளுக்குள் நடந்தால், பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் பின்னால் லைன் வீடுகள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். நீண்ட ஒரே கூரை. அதன் கீழ் எட்டோ பத்தோ கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஓர் அறை. அதுவே சமையற்கட்டு, அதுவே படுக்கையறை, நான் தேர்வுக்குப் படிக்கும் இடமும் அதுவே. குளியலறையும் கழிப்பறையும் கோடியில் பொதுவில் இருக்கும். அத்தகைய வரிசை ஒன்றில் ஐந்தாவது கதவு எங்களுடையது. என் அன்னையார் செக்கிங் வேலைக்குச் செல்கிறார். தந்தையார் கட்டிங் மாஸ்டர்.

சென்ற பருவத்தில் பொது நிதியியல் வகுப்பில் ஒரு வினா எழுந்தது. ஏழைகளுக்கு வீடு கட்டும் செலவை அரசு ஏற்க வேண்டுமா, அன்றி அவரவர் உழைப்புக்கும் சந்தைக்கும் அதனை விட்டுவிட வேண்டுமா என்பதே அவ்வினா. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அரசு கட்டினால் தரம் இராது, வேலைக்கு எட்டாத தொலைவில் கொண்டுபோய்க் குடிவைப்பார்கள் என்றனர் ஒரு சாரார். அரசு கைவிட்டால் வீட்டுக்காரர் வைத்ததே வாடகை என்றனர் மற்றொரு சாரார். நான் இரண்டாவது கட்சி. ஆயினும் முதற் கட்சியாரின் வாதத்துக்கு என்னிடம் நேரான விடை இல்லை. விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் இலங்கையின் பிரேமதாசாவின் வரலாறு கைக்கு அகப்பட்டது. தமிழர் பலருக்கு அப்பெயர் கசக்கும் என்பதை அறிவேன். அக்கசப்புக்குக் காரணம் உண்டு. அதனையும் இக்கட்டுரையில் மறைக்கப் போவதில்லை. ஆனால் மேற்சொன்ன வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்து, ஒருமுறை ஒரு விடையும் பின்னர் வேறொரு விடையும் கண்டு, இரண்டையும் ஒரு நாட்டின் அளவில் செய்து பார்த்த ஆட்சியாளர் நமக்கு அண்மையில் அவரைப் போல் வேறொருவர் இல்லை.

ரணசிங்க பிரேமதாசா 1924ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். அவர் வளர்ந்த பகுதியைச் சிங்களர் கெசெல்வத்த என்பர். தமிழர் வாழைத்தோட்டம் என்பர். பெயரில் மட்டுமே வாழை. கொழும்பில் 'தோட்டம்' என்றால் அந்நாளில் வேறொரு பொருளும் உண்டு. ஒரு காணிக்குள் நெருக்கியடித்துக் கட்டப்பட்ட வரிசை அறைகள், அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், பொதுக் கழிப்பிடம் ஆகிய இவற்றுக்கே தோட்டம் என்று பெயர். துறைமுகத் தொழிலாளரும் கைவண்டி இழுப்போரும் சிறு வணிகரும், சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லா இனத்தவரும் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தனர். பிரேமதாசாவின் குடும்பம் எளிய குடும்பம். இலங்கையில் ஆட்சிப் பொறுப்பு நெடுங்காலம் நிலமும் ஆங்கிலக் கல்வியும் உடைய பெரிய வீட்டுப் பிள்ளைகள் கையிலேயே இருந்து வந்தது. அவ்வீடுகளின் கண்ணுக்கு வாழைத்தோட்டம் ஒரு சாக்கடைப் பகுதி. இதை அவர் இறுதிவரை மறந்தாரில்லை. மற்றவர்களும் அவரை மறக்க விட்டாரில்லை.

புனித ஜோசப் கல்லூரியில் படித்தார். 1939இல், பதினைந்து வயதில், தம் பகுதிச் சிறுவர்களைத் திரட்டிச் 'சுசரித' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். நல்லொழுக்கம் என்பது அச்சொல்லின் பொருள். எழுத்தறிவு, தூய்மை, மது விலக்கு இவையே அதன் பணிகள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானபோதும் மதுவைத் தொடாதவராகவே வாழ்ந்தார். சிங்களத்தில் கதைகளும் பாடல்களும் எழுதினார். தொழிற்சங்கத் தலைவர் ஏ. இ. குணசிங்காவின் தொழிற்கட்சியில் சேர்ந்து, 1950இல் கொழும்பு மாநகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1955இல் துணை மேயரானார். பின்னர் ஐக்கிய தேசியக் கட்சியில் இணைந்தார். 1956 தேர்தலில் தோற்றார்; 1960 மார்ச்சில் வென்றார்; அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் தோற்றார்; 1965இல் கொழும்பு மத்தியத் தொகுதியில் வென்று நிலைபெற்றார். 1968இல் உள்ளூராட்சி அமைச்சர். இவற்றை விரிப்பின் பெருகும். வீடமைப்புத் துறை அவர் கைக்கு வந்த 1977ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு ஜெயவர்த்தனா தலைமையில் ஐக்கிய தேசியக் கட்சி பெருவெற்றி பெற்றது. பிரேமதாசா உள்ளூராட்சி, வீடமைப்பு, நிர்மாணத் துறைகளின் அமைச்சரானார். 1978 பிப்ரவரியில் பிரதமருமானார். சந்தையைத் திறந்துவிடுவதும் மானியங்களைக் குறைப்பதும் அவ்வரசின் கொள்கை. அத்தகைய அரசுக்குள் இருந்துகொண்டே, ஏழைகளின் வீட்டுக்கு அரசுப் பணத்தைக் கேட்டு வாங்கியவர் இவர். விடியுமுன்னே எழுந்து அதிகாரிகளைத் தொலைபேசியில் எழுப்பிக் கணக்குக் கேட்பார் என்பது அந்நாட்டில் யாவரும் அறிந்த செய்தி. 1978இல் ஒரு இலட்சம் வீடுகள் திட்டம் தொடங்கிற்று. ஆறு ஆண்டுகளில் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. அதில் 36,000 வீடுகளை அரசே ஒப்பந்தக்காரரைக் கொண்டு நேரடியாகக் கட்டும். 50,000 வீடுகளுக்குப் பொருளும் தொழில்நுட்ப உதவியும் தந்து, கிராம மக்களின் உழைப்பைக் கொண்டு கட்டுவிக்கும். எஞ்சிய 14,000 வீடுகளுக்குக் கடன் தரும். 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. மாதிரிக் கிராமங்கள் எழுந்தன. ஆண்டுதோறும் 'கம் உதாவ' என்னும் கிராம எழுச்சி விழா, அதுவும் அவர் பிறந்த நாளை ஒட்டி, கண்காட்சியும் மின்விளக்குமாக நடந்தது. வீட்டுக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தை விழாவுக்குச் செலவழிக்கிறார் என்று எதிரிகள் குறைகூறினர். இக்குறையில் உண்மை உண்டு என்றே எண்ணுகிறேன்.

நம் வகுப்பு வினாவுக்குரிய பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அரசு நேரடியாகக் கட்டிய ஒரு வீட்டின் செலவில், மக்கள் உழைப்போடு சேர்த்துக் கட்டினால் பல வீடுகள் எழும்பும் என்பது கணக்கில் தெரிய வந்தது. நாட்டின் நிதியோ நெருக்கடிக்கு வந்துவிட்டது. மகாவலித் திட்டம் ஒருபுறம் பணத்தை விழுங்க, வெளிநாட்டுக் கடன் தந்தோர் செலவைக் குறைக்கச் சொல்ல, நேரடிக் கட்டுமானத்துக்கான ஒதுக்கீடு வெட்டப்பட்டது. அரசிடம் வீடு பெற்றவர் பலரும் அதனைப் பரிசாகவே கருதினர், தவணை கட்டவில்லை. ஓட்டுக் கேட்டு வருபவர் தவணை கேட்க அஞ்சுவர் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு இலட்சம் வீடு கட்டிய பின்னரும், வீடற்றவர் வரிசை குறைந்தபாடில்லை.

இந்நிலையில் வேறொரு தலைவராயிருந்தால், ஒன்று, திட்டத்தையே கைவிட்டிருப்பார். அன்றேல் இன்னும் ஒரு இலட்சம் என்று அறிவித்திருப்பார். பிரேமதாசா மூன்றாவது ஒன்றைச் செய்தார். 1984இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தை அறிவித்தார். ஒதுக்கீடு பத்து மடங்காகவில்லை. இலக்கு மட்டும் பத்து மடங்காயிற்று. இது எவ்வாறு இயலும்? அரசு வீடு கட்டுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, வீடு கட்டுபவருக்குக் கைகொடுப்பது என்று முறையை மாற்றியதால் இயன்றது. ஏழை எவனும் அரசு வந்து கட்டித்தரும் வரை மரத்தடியில் காத்திருப்பதில்லை. தகரமோ ஓலையோ மண்ணோ, ஏதோ ஒன்றைக் கொண்டு ஒரு கூரையை எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறான். அப்படி எழுப்புகிறவனுக்குக் குறைவது என்ன என்று கேட்டு, அந்தக் குறையை மட்டும் அரசு நிரப்பினால் போதும் என்பதே புதிய கொள்கை. பெரு நாட்டின் சேரிகளை ஆராய்ந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜான் டர்னர் இக்கருத்தை முன்பே எழுதியிருந்தார். ஆனால் அதை ஒரு நாட்டின் அரசுத் திட்டமாகவே ஆக்கிய பெருமை இலங்கையைச் சாரும்.

கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு 7,500 ரூபாய் வரை சிறு கடன் கிடைத்தது. ஒருவர் அதைக் கொண்டு கூரை மாற்றலாம். மற்றொருவர் கிணறு தோண்டலாம். வேறொருவர் கழிப்பறை கட்டலாம். புது வீடு தொடங்குபவர் தொடங்கலாம். யாருக்குத் தருவது என்பதைத் தலைநகரத்து அலுவலகம் முடிவு செய்யாமல் ஊராரே கூடி முடிவு செய்தனர். சிக்கன, கடனுதவிச் சங்கங்கள் பணத்தைக் கொடுத்து வசூலித்தன. நகரத்தில் வேறொரு சிக்கல் இருந்தது. அங்கே தேவை பணத்தைவிட நிலம். கொழும்புத் தோட்டங்களில் குடியிருந்தவர் நின்ற இடம் பெரும்பாலும் அவர்களுடையது அன்று. எனவே அரசு அவர்களுக்கு நிலத்தின் மேல் உரிமை தர முன்வந்தது. குறைந்தது இரண்டு பேர்ச், அதாவது ஏறத்தாழ 50 சதுர மீட்டர் மனை. நம் கணக்கில் அரை சென்டுக்குக் கூட ஒரு துண்டு என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டா. அது ஒன்றேகால் சென்டு வரும். நகர விதிகளின்படி அவ்வளவு சிறிய மனையில் வீடு கட்ட முடியாது. ஆகவே விதிகளையே அப்பகுதிகளுக்கு மட்டும் தளர்த்தினர். அதிகாரிகளும் குடியிருப்போரும் இரண்டு நாள் ஒன்றாக உட்கார்ந்து, சந்து எத்தனை அடி, மனை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தாங்களே கயிறு பிடித்து அளந்து வரைபடம் போட்டனர். தண்ணீர்க் குழாய்க்கும் வடிகாலுக்கும் வெளி ஒப்பந்தக்காரரை விட்டு அங்குள்ள மக்கள் மன்றத்துக்கே ஒப்பந்தம் கொடுத்த இடங்களும் உண்டு. தன் வீட்டு வாசலில் ஓடப்போகும் சாக்கடையில் யார் சிமெண்டைக் குறைப்பார்?

வீடற்றோருக்கென ஓர் ஆண்டை உலக நாடுகள் கொண்டாட வேண்டும் என்று 1980இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் கோரியவரும் பிரேமதாசாவே. சபை அதை ஏற்று, 1987ஆம் ஆண்டை அனைத்துலக வீடற்றோர் உறைவிட ஆண்டாக 1982இல் அறிவித்தது. வாழைத்தோட்டத்துப் பிள்ளையின் சொல்லுக்கு உலகம் தலையசைத்த நாள் அது.

இத்திட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. கடன் வசூல் இங்கும் முழுமையாக நடக்கவில்லை. சிறு கடனைக் கொண்டு தொடங்கிய சுவர் பல இடங்களில் பாதியில் நின்றது. மிகப் பெரிய ஓட்டை மலையகத்தில். தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் நம் இனத்தார் வெள்ளையர் காலத்து வரிசை அறைகளில் வாழ்ந்தனர். அவற்றை அவர்கள் 'லயம்' என்பர். 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. அருள்புரத்தில் நாம் சொல்லும் லைன் வீடும் அதே சொல்லே என்பதை உணர்ந்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. லயத்தின் அறையும் தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். தனக்கென ஒரு துண்டு நிலம் உடையவனுக்குக் கைகொடுக்கும் திட்டம், நிலமே இல்லாதவனை எவ்வாறு எட்டும்? பத்து இலட்சம் வீடுகளின் பயன் அம்மக்களுக்கு மிகக் குறைவாகவே கிட்டியது. பின்னாளில் இந்திய அரசு இலங்கையில் 50,000 வீடுகளுக்கு நிதி தந்தபோது, அதில் 4,000 மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2017இல் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் அவ்வீடுகளைப் பெரும்பாலும் உரிமையாளரே கட்டினர். தவணை தவணையாகப் பணம் அவர்கள் கணக்குக்குச் சென்றது. பிரேமதாசா காட்டிய வழியின் சாயல் அதில் தெரிகிறது.

இனி, முன்னர் சொன்ன கசப்புக்கு வருவோம். 1989 ஜனவரி 2ஆம் நாள் அவர் குடியரசுத் தலைவரானார். தெற்கில் ஜனதா விமுக்தி பெரமுனவின் கிளர்ச்சியை ஒடுக்கும் பெயரால் பல்லாயிரம் சிங்கள இளைஞர் கொல்லப்பட்டனர், காணாமற்போயினர். இந்திய அமைதிப் படையை வெளியேறச் சொன்னார். 1990 மார்ச்சில் படை முழுதும் வெளியேறியது. அதே ஆண்டு ஜூனில் விடுதலைப் புலிகளுடன் மீண்டும் போர் மூண்டது. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை கூரைகள் எரிந்தன, எத்தனை குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் வந்தன என்பதை நம் பெற்றோர் அறிவர். ஒரு கையால் கூரை வேய்ந்த அரசு மறு கையால் கூரை எரித்தது. வீடு கட்டினார் என்பதற்காக இக்கணக்கிலிருந்து அவரை விடுவிக்க என்னால் இயலவில்லை. இக்கணக்கு உண்டு என்பதற்காக அவர் கட்டிய வீடுகளை இல்லையென்று சொல்லவும் இயலவில்லை.

குடியரசுத் தலைவராக அவர் செய்தவற்றுள் திருப்பூர்க்காரர் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தைத் தொடங்கினார். அந்நாளில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆடை அனுப்ப ஏற்றுமதி ஒதுக்கீடு வேண்டும். கொழும்பைச் சுற்றியே ஆலை வைத்துவந்த முதலாளிகளிடம், பின்தங்கிய கிராமப் பகுதியில் ஆலை வைத்தால் ஒதுக்கீட்டில் பங்கு தருவதாக அரசு கூறிற்று. ஆலைக்குச் சுமார் 500 பேர். அவர்களும் பெரும்பாலும் அப்பகுதி ஏழைக் குடும்பத்துப் பெண்கள். நல்ல சாலையும் மின்சாரமும் இல்லாத இடத்துக்கு எம்மைத் தள்ளுகிறார் என்று முதலாளிகள் முணுமுணுத்தனர். எல்லா ஆலைகளும் நிலைக்கவுமில்லை. ஆனால் வேலை தேடி நகரத்துக்கு வந்து வாடகை அறையில் அடைய வேண்டிய பெண், காலையில் தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஆலைக்குப் போய், மாலையில் அதே கதவைத் திறந்தாள். இதையும் வீடமைப்புத் திட்டங்களுள் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன். பொருளியல் ஆசிரியர்கள் ஒப்புவரோ, அறியேன்.

1993 மே முதல் நாள், தொழிலாளர் நாள் ஊர்வலத்தைத் தம் பழைய கொழும்பு மத்தியப் பகுதித் தெருவில் நின்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் பிரேமதாசா கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே அதைச் செய்தனர் எனக் கருதப்படுகிறது. பிறந்த வாழைத்தோட்டத்துக்கு மிக அண்மையிலேயே அவர் வாழ்வு முடிந்தது. அவர் மகன் சஜித் 2015க்குப் பின் சில ஆண்டுகள் அதே வீடமைப்புத் துறையின் அமைச்சராக இருந்தார்.

இப்போது நம் ஊர்க் கணக்கைச் சிறிது பார்ப்போம். நம் மாநிலத்தில் 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. அதே 2021 பிப்ரவரியில் திருப்பூர் வீரபாண்டியில் 1,280, திருக்குமரன் நகரில் 1,248 என அடுக்குமாடி வீடுகள் திறக்கப்பட்டன. இது பிரேமதாசாவின் முதல் விடையைப் போன்றது. அரசே கட்டித் தருவது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் இரண்டாம் விடையைப் போன்றது. குடிசையில் இருப்பவருக்கு 3.5 இலட்சம் ரூபாய் தந்து 360 சதுர அடியில் வீடு கட்டச் செய்வது. முதலாண்டு இலக்கும் ஒரு இலட்சம் வீடுகள்தான். இரண்டுக்கும் அரசுப் பணம் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. நிலத்தின் விலை நம் வட்டாரத்தில் ஏறியிருக்கும் ஏற்றத்தில், பீஸ் ரேட்டில் தைப்பவர் தம் கூலியை மட்டும் சேர்த்து ஒரு மனை வாங்குவது எக்காலம்? ஆனால் இரண்டாவது திட்டத்துக்குப் பட்டா வேண்டும். அருள்புரத்து லைன் வீட்டில் குடியிருப்பவருக்குப் பட்டாவும் இல்லை, மாற்றுவதற்குக் குடிசையும் இல்லை. மலையகத்து லயத்தில் இருந்தவர் விடுபட்ட அதே இடத்தில்தான் நாங்களும் விடுபட்டு நிற்கிறோம். வகுப்பில் அன்று எனக்குக் கிடைக்காத விடை இதுதான்: அரசு செலவழிக்க வேண்டுமா என்பதோடு நில்லாமல், யாருடைய நிலத்தின் மேல் செலவழிக்கும் என்றும் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் வரிசையில் ஆறாவது கதவில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த அண்ணன் ஓவர்லாக் ஓட்டுகிறார். ஊரில் அரசு உதவியோடு அவர்களுக்கு ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவர் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. அடுத்த தவணைக்கு நேரில் போய்ப் படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். விடுப்பு எடுத்தால் இங்கே கூலி போய்விடும். அந்தச் சுவரின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் எங்களுக்குக் காட்டுவார். சன்னல் வைக்க விட்ட இடைவெளியில் அவருடைய தாயார் நின்றுகொண்டிருக்கிறார்.